என் பாலுக்கு நானே போட்ட மார்க்

கண்ணாடி டம்ளரை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். அடியில் கொஞ்சம்போல இருந்தது என் பால். ஓரத்தில் லேசாக நீலம் ஓடியது. டம்ளரைச் சாய்த்தால் கண்ணாடியில் ஒட்டாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"தண்ணி கலந்த பால்" என்று என் வாய் தானாகச் சொன்னது.

கட்டிலில் பையன் கத்திக்கொண்டிருந்தான். பிறந்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை. அழுது அழுது முகமெல்லாம் சிவந்து கீழ் உதடு நடுங்கியது. அடுப்பங்கரையிலிருந்து பூண்டு வதங்கும் வாசனை வந்தது. கீழே தெருவில் ஒரு ஆட்டோக்காரர் "அம்மா மண்டபம், அம்மா மண்டபம்" என்று ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"பிள்ளை கத்துறது கேக்கலயா கவி? டம்ளரைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு என்னத்தப் பாக்குற?"

"இது பாலே இல்லம்மா. வெறும் தண்ணி."

அம்மா டம்ளரை வாங்கிப் பார்த்தாள். "நல்லாத்தானே இருக்கு" என்றாள். சாதாரணமாக எங்கள் அம்மா ஒன்றைச் சொன்னால் பக்கத்துத் தெருவுக்கே கேட்கும். இதை மட்டும் முணுமுணுத்தாள்.

பால் ஆபீஸ்காரி

போன வாரம் இந்தத் தொடரைப் பிரசவ அறையோடு நிறுத்தியிருந்தேன். பையன் பிறந்தான் என்று முடித்ததும் பாதிப் பேர் வாழ்த்துச் சொல்லி எழுதியிருந்தார்கள். மீதிப் பேர் "பால் நன்றாக இருந்ததா?" என்று கேட்டிருந்தார்கள். பையன் இப்போது பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறான். இந்தக் கேள்வி மட்டும் என்னை விட்டபாடில்லை.

கேட்டவர்களைக் கோபித்துக்கொள்ளவும் முடியாது. இத்தனை வாரமாக நான் எழுதுவதெல்லாம் பாலைப் பற்றித்தானே. புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முசிறி சாலையில் ஒரு பால் கொள்முதல் நிலையத்தில் எனக்கு வேலை. சுற்றுப்பட்டு ஊர்களில் மாடு வைத்திருப்பவர்கள் காலையில் கேனோடு வந்து வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு கேனிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, லாக்டோமீட்டரை மிதக்கவிட்டு, மிஷினில் ஊற்றி, கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் அதை மார்க் என்பார்கள். "மேடம், இன்னிக்கு நமக்கு என்ன மார்க்கு?" என்று மேஜைக்கு மேல் எட்டிப் பார்ப்பார்கள்.

வருஷக்கணக்காக இதையே செய்து, மிஷின் சொல்வதற்கு முன்னால் என் கண் சொல்லிவிடும் அளவுக்கு வந்துவிட்டது. கூட வேலை பார்க்கும் ரஹ்மத்தும் நானும் பந்தயம் கட்டுவோம். ரஹ்மத் பாலக்கரைக்காரி, இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா, வாய் ஓயாது. நான் கண்ணால் சொல்வேன், அவள் மிஷினில் போடுவாள். தோற்றவள் டீ வாங்கித் தர வேண்டும். அந்த ஆபீஸில் நான் சொந்தமாக டீ வாங்கிக் குடித்ததாக ஞாபகம் இல்லை.

அவ்வளவு கர்வம் எனக்கு என் கண்மேல். அதே கண்தான் அன்று டம்ளரைப் பார்த்தது.

தராசில் பையன்

சும்மா ஒன்றும் நான் டம்ளரைத் தூக்கவில்லை. அதற்கு முந்தின நாள்தான் தில்லைநகரில் குழந்தைகள் டாக்டரிடம் போயிருந்தோம்.

பையனைத் துணியில்லாமல் தராசில் கிடத்தினார்கள். குளிர்ந்த தட்டில் பட்டதும் இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டான். எண்கள் மேலும் கீழும் ஓடி ஒரு இடத்தில் நின்றன. பிறந்த குழந்தைக்கு முதல் சில நாள் எடை குறையும், பிறகு தானாக ஏறிவிடும் என்று பிரசவ ஆஸ்பத்திரியிலேயே சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்கள் பையனுக்குக் குறைந்தது குறைந்ததுதான், ஏறவே இல்லை.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிறந்தப்ப இருந்த எடைக்கே இன்னும் வரலையேம்மா. பால் எப்படிக் குடுக்குறீங்க?"

"போன்ல அலாரம் வச்சுக் குடுக்குறேன் டாக்டர். ரெண்டு பக்கமும் ஒரே அளவு நேரம்" என்றேன், ஏதோ நல்ல பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஜுரத்தில் துவண்டு கிடந்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரோ உள்ளே ஓடி வந்தார்கள். டாக்டர் எழுந்துவிட்டார். "அலாரமெல்லாம் பார்க்காதீங்க, அடிக்கடி குடுங்க. அடுத்த வாரம் கூட்டிட்டு வாங்க. அப்பவும் ஏறலைன்னா மேல்பால் குடுத்துத்தான் ஆகணும்" என்று போகிற போக்கில் சொன்னார்.

மேல்பால் என்றால் டப்பாவில் வரும் பொடிப்பால். அவர் சொன்ன மற்றதெல்லாம் காற்றில் போய், அந்த ஒரு வார்த்தை மட்டும் என் காதில் நின்றது.

திரும்பும்போது காவிரிப் பாலத்தில் ஆட்டோ மெதுவாகப் போனது. புதுத் தண்ணீர் வந்திருந்த சமயம். "பாருங்க மேடம், ரெண்டு கரையும் தொட்டுப் போகுது" என்றார் ஆட்டோக்காரர். அம்மா கும்பிட்டாள். நான் எதையும் பார்க்கவில்லை. மடியில் கிடந்தவன் கன்னத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். என் பிள்ளை என் கையிலேயே பட்டினி கிடக்கிறான் என்று நினைத்தேன். அதைவிடக் கேவலமாக என்னை நான் அதற்கு முன்னாலும் நினைத்ததில்லை, பின்னாலும் நினைத்ததில்லை.

"பால் இருக்கா?"

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீடு, ஸ்டேஷனிலிருந்து அம்மா மண்டபம் போகிற வழியில் மாடியில். ஆடி மாதம் ஆற்றில் தண்ணீர் வந்தால் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாம் குளிக்க வருவார்கள். குளித்துவிட்டு ஈரத் துணிப் பையோடு "அப்படியே பிள்ளையையும் பாத்துட்டுப் போயிடலாம்னு" என்று படியேறுவார்கள்.

வந்தவர்களில் ஒருவராவது நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "பால் இருக்கா?" சாயங்காலம் பெட்டிக் கடையில் தலையை நீட்டிக் கேட்பார்களே, அதே தோரணை.

மணப்பாறையிலிருந்து என் கணவர் செந்திலின் அத்தை வந்தார். முறுக்குப் பொட்டலம் ஒரு கையில். மாட்டுச் சந்தையில் நல்ல மாடு பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று குடும்பத்தில் பேர். கேள்வியோடு நிறுத்தாமல் பக்கத்தில் உட்கார்ந்து கையாலேயே என் மார்பை அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பால் கட்டலியே" என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். செந்திலுக்கு அன்று காலை ஷிஃப்ட். கைலாசபுரம் தொழிற்சாலையிலிருந்து வந்தவர், நான் ஏன் சாப்பிடவில்லை என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கீழ் வீட்டு மாமிதான் எங்கள் வீட்டுச் சொந்தக்காரர். கோயிலே கதி என்று இருக்கிறவர். தீட்டுக் கழிந்த பிறகும் வாசற்படி தாண்டி உள்ளே வரமாட்டார். படியில் நின்றபடியே, "ஏன்டியம்மா, குழந்தை அழறது எங்காத்து வரைக்கும் கேக்கறதே. பால் போறுமா இருக்கோ? பெருமாளை வேண்டிக்கறேன்" என்பார். அவர் வேண்டிக்கொண்டது நிஜம். அது எனக்கு அப்போதும் தெரியும்.

எங்கள் அம்மாவுக்கு வேண்டுதலில் மட்டும் நம்பிக்கை போதாது. முசிறிக்காரி. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்றால் பூண்டு, அதற்கு மேல் பால்சுறாப் புட்டு. வேறு வைத்தியம் அவள் அகராதியிலேயே இல்லை. ஆனால் இந்த வீட்டுக்கு நாங்கள் குடிவரும்போதே மாமி சொல்லியிருந்தார்: மீன், கறி வாசனை மாடிப்படி ஏறக்கூடாது.

பூண்டுக்கு மட்டும் அம்மா தயங்கித் தயங்கி அனுமதி கேட்டாள். மாமி தலையசைத்தார்.

"பிள்ளை பெத்தவளுக்குன்னா பண்ணிக்கோங்கோ. நான் ஜன்னலைச் சாத்திண்டுடறேன்."

சுறாவைப் பற்றிக் கேட்க அம்மாவுக்குத் துணிச்சல் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தாள். காந்தி மார்க்கெட்டில் பால்சுறா வாங்கி, ரஹ்மத் வீட்டு அடுப்பில் புட்டு செய்து, டிபன் கேரியரில் அடைத்து, மேலே துண்டு சுற்றி, டவுன் பஸ்ஸில் ஸ்ரீரங்கத்துக்குக் கொண்டுவந்தாள். மாடிப்படியில் மாமி எதிர்ப்பட்டார்.

"கேரியர்ல என்ன, வாசனை ஒரு தினுசா இருக்கே?"

"பூண்டுங்க மாமி. கொஞ்சம் தூக்கலாப் போட்டுட்டேன்."

மாமி மூக்கைச் சுளிக்காமல் அம்மா முகத்தையே பார்த்தார்.

"பூண்டுக்கு முள் இருக்குமோ?"

மாமி ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். "கேரியரை மாடியிலேயே அலம்பிடுங்கோ. பாத்திரம் கீழ வரப்படாது" என்றார். அவ்வளவுதான். அன்று நான் புட்டைச் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தேன். அந்த வாரம் முழுக்கச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பீரோவில் இருந்த டப்பா

சுறா தின்றேன், பூண்டு தின்றேன். பையன் அழுகை நிற்கவில்லை. குடிக்க ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் தூங்கிப்போவான். அலாரம் அடிக்கும். எடுத்து மறுபக்கம் மாற்றுவேன். முகத்தைத் திருப்பிக்கொள்வான். கீழே விட்டால் பசியில் கத்துவான். மறுபடி முதலிலிருந்து.

அன்று மத்தியானம் பையனுக்குப் பழைய வேட்டித் துணி எடுக்க பீரோவைத் திறந்தேன். துணிகளுக்குப் பின்னால் கை எதன்மீதோ இடித்தது. பொடிப்பால் டப்பா. புதுசு, மூடி திறக்காதது.

செந்தில் அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க?"

"சும்மா... ஒரு பாதுகாப்புக்கு வாங்கி வச்சேன்."

"எனக்குப் பால் வராதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா?"

"அப்படியெல்லாம் இல்ல கவி. அவன் அழறதையும் பாக்கணும், நீ அழறதையும் பாக்கணும். ரெண்டையும் சேர்த்து என்னால தாங்க முடியல."

பதிலுக்கு நான் என்னென்னவோ சொன்னேன். இங்கே எழுதுகிற மாதிரி எதுவும் இல்லை. அவர் சட்டையைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பையனைத் தோளில் போட்டு, அந்தச் சின்ன ஹாலில் நடக்க ஆரம்பித்தார். இப்போது யோசித்தால், அந்த வீட்டில் என்னளவுக்குப் பயந்துபோயிருந்த இன்னொரு ஆள் அவர்தான். அப்போது எனக்கு அவரும் ‘பால் இருக்கா’ கோஷ்டியில் சேர்ந்துவிட்டதாகத்தான் பட்டது.

டம்ளரிலிருந்து புட்டிக்கு

டப்பாவைப் பார்த்த அந்த மத்தியானம்தான் நான் அந்தக் கண்ணாடி டம்ளரை எடுத்தது. பையனுக்குக் கொடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் பீச்சிப் பார்த்தேன். ஜன்னலில் தூக்கிப் பிடித்தேன். மற்றதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

கண் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் ஆபீஸ் புத்தி கண்ணோடு விடுமா? மிஷினில் போட்டுப் பார்க்காமல் எந்தப் பாலையும் வேண்டாமென்று திருப்பி அனுப்பக்கூடாது என்பது எங்கள் விதி. கொதிக்க வைத்துக் கழுவின ஒரு மருந்துப் புட்டியில் அந்தப் பாலை ஊற்றி மூடினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தாய்ப்பாலைப் போய் மிஷின்ல போடுவாங்களாடி? ஊர் சிரிக்கும்."

"ஊர் ஏற்கெனவே சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. பால் ஆபீஸ்காரிக்கே பால் இல்லைன்னு."

சாயங்காலம் ரஹ்மத் வந்தாள். கைகால் கழுவிவிட்டுப் பையனைக் கொஞ்சினாள். புட்டியை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவள் கிண்டல் செய்வாள் என்று தயாராக இருந்தேன். ஒன்றும் பேசாமல் புட்டியை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஓயாத அந்த வாய் மூடிக்கொண்டது எனக்குப் பிடிக்கவே இல்லை.

நீ என்ன மாடா?

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் பையனை மடியில் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"என்ன மார்க்குடி?"

"சொன்னா அழக்கூடாது."

"சொல்லு."

"தண்ணி கலந்ததுன்னு காட்டுச்சு."

அழக்கூடாது என்றுதான் நினைத்தேன். அது பாட்டுக்குக் கொட்டியது. பையன் தலையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. ரஹ்மத் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏய், முழுசாக் கேளு. அது மாட்டுக்குன்னு செஞ்ச மிஷினு. நீ என்ன மாடா? கன்னுக்குட்டி பிறந்த அன்னிக்கே எழுந்து ஓடணும். அதுக்குத் தக்கன மாதிரி அல்லா மாட்டுக்குப் பால் குடுத்திருக்கான். உன் பிள்ளை இன்னிக்கு எழுந்து ஓடப் போறானா? என் பாலைப் போட்டிருந்தாலும் அந்த மிஷின் அப்படித்தான் சொல்லும். ரெண்டையும் அதைக் குடுத்துத்தானே வளர்த்தேன்? இப்ப தடி மாதிரி நிக்குதுங்க."

அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

"சரி, அதை விடு. அந்தப் பால் எப்பப் பீச்சினது?" என்று கேட்டாள். "இவன் குடிக்கிறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"முன்னால."

அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒன்றாகப் பொறி தட்டியது.

தினமும் காலையில் நாங்கள் வரிசையில் நிற்பவர்களிடம் கேட்கிற கேள்வி அது. மடியிலிருந்து முதலில் வரும் பால் நீர்த்து இருக்கும், கடைசியில் வருவதுதான் கெட்டியாக இருக்கும். கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிட்டு முன்பாலை மட்டும் கேனில் கொண்டுவருகிறவர்கள் உண்டு. மார்க் குறைந்தால் சண்டைக்கு வருவார்கள். "முன்பாலைக் கொண்டாந்துட்டு மிஷினைத் திட்டினா எப்படிங்க?" என்று நானே எத்தனையோ பேரிடம் சட்டம் பேசியிருக்கிறேன். என் டம்ளரில் இருந்ததும் முன்பால்தான். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த நேரம் பார்த்து போனில் அலாரம் அடித்தது. நான் பழக்கத்தில் பையன் வாயை விடுவிக்க விரலை நுழைத்தேன்.

"ஏன்டி எடுக்குற? குடிச்சுக்கிட்டுத்தானே இருக்கான்?"

"டைம் ஆயிடுச்சு."

"யாருக்கு?"

டாக்டரும் போகிற போக்கில் இதைத்தானே சொன்னார் என்பது அப்போதுதான் உறைத்தது. ரஹ்மத் போனை எடுத்து அலாரத்தை நிறுத்தி அம்மாவிடம் கொடுத்தாள். "அவனா விடுற வரைக்கும் விடு. இன்னொண்ணு. இந்த வீட்டுல ஆள் நடமாட்டம் ஜாஸ்தி. புது ஆள் பக்கத்துல நின்னாலே மாடு பால் இறக்காது. உனக்கு முன்னால ஒரு ஊரே வந்து நிக்குது."

"இப்பத்தானே நான் மாடு இல்லேன்னு சொன்னே?"

"இந்த ஒரு விஷயத்துல மாடுதான்."

மறுநாள் முதல் அம்மா மாடிப்படித் தலைப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஆற்றில் குளித்துவிட்டு யார் வந்தாலும், "பிள்ளை இப்பத்தான் கண்ணசந்துச்சு, அடுத்த மாசம் வாங்க, சாப்பிட்டே போகலாம்" என்று படியிலேயே திருப்பி அனுப்பினாள். மாமியையும் விடவில்லை.

"நான்கூடவா?"

"நீங்களும்தான் மாமி. தப்பா நினைக்காதீங்க."

மாமி இறங்கிப் போனார். அன்றிலிருந்து, பிள்ளை எழுந்துவிடுமோ என்று கீழ் வீட்டுக் கதவைக்கூடச் சத்தமில்லாமல்தான் சாத்தினார்.

காத்திருக்கும் ஹால்

இதற்குப் பிறகு பால் பெருக்கெடுத்து ஓடியது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. பையன் நிறைய நேரம் குடித்தான், தூங்கினான், மறுபடி குடித்தான். முன்னைவிட அழுகை குறைவு. துணி நனைகிறதா நனைகிறதா என்று அம்மா தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஆனால் வயிற்றுக்குள் எவ்வளவு போகிறது என்று யார் சொல்வது? அளந்தே பழகியவளுக்கு அளக்காமல் இருப்பது போல ஒரு தண்டனை கிடையாது. டம்ளர் இருந்த அலமாரிப் பக்கமே நான் போகவில்லை. போனால் கை நீளும்.

அடுத்த வாரம் மறுபடி தில்லைநகர். பையனைத் தராசில் விட்டதும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். செந்தில்தான் படித்துச் சொன்னார். ஏறியிருந்தது. ஆனால் பிறந்தபோது இருந்த எடைக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

இந்தத் தடவை டாக்டருக்கு அவசரம் இல்லை. "இங்கயே குடுங்கம்மா, பாக்குறேன்" என்றார். ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பையனின் முதுகில் கை வைத்து என் பக்கம் நன்றாக நெருக்கினார், தாடையை மெல்லக் கீழே அழுத்தி வாயை அகலமாகத் திறக்கவைத்தார். அத்தனை நாளும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருந்த வலி சட்டென்று குறைந்தது. அவன் தொண்டையில் முழுங்குகிற சத்தம் கேட்டது. அதுவரை நான் கேட்டிராத சத்தம்.

"இவ்ளோ நாளா நுனியை மட்டும் சப்பிக்கிட்டிருந்திருக்கான். இனிமே இப்படிப் பிடிங்க. உங்க பால் நல்லாத்தான் இருக்கு. எடை எட்டுற வரைக்கும் மட்டும் கொஞ்சம் பொடிப்பாலும் குடுப்போம். முதல்ல உங்க பால், அப்புறம்தான் அது. புட்டி வேண்டாம், பாலாடையில புகட்டுங்க."

"அப்ப நான் பாஸா ஃபெயிலா டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் அது எவ்வளவு அசட்டுத்தனம் என்று உறைத்தது.

டாக்டர் சிரிக்கவில்லை. "இது பரீட்சை இல்லம்மா. அவனுக்குப் பசி, அவ்வளவுதான்" என்றார்.

பீரோவில் இருந்த டப்பாவை அன்று சாயங்காலமே திறந்தோம். செந்தில்தான் கலக்கினார். பாலாடை என்பது குழந்தைக்குப் புகட்டுகிற, மூக்கு நீண்ட குட்டிக் கிண்ணி. அதில் முதல் மடக்கை அவரே புகட்டினார். டப்பா பாதியாவதற்குள் அது தேவைப்படாமல் போயிற்று. முழு டப்பாவும், அதற்கு மேல் இன்னும் பல டப்பாவும் தேவைப்பட்டவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளும் அம்மாவின் மடியில்தான் வளர்ந்தார்கள். இதைப் படிக்கிற யாராவது இப்போது பீரோவில் ஒரு டப்பாவை ஒளித்து வைத்திருந்தால் வெளியே எடுத்து வையுங்கள். வெட்கப்பட அதில் ஒன்றும் இல்லை.

ஆனால் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்தபோது எனக்கு இந்தத் தெளிவெல்லாம் கிடையாது. பொடிப்பால் என்ற ஒரு வார்த்தையைத்தான் காதில் வாங்கிக்கொண்டு வந்தேன். செந்தில் பாலாடை வாங்க மருந்துக்கடைக்குப் போயிருந்தார். ஹாலில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். தூங்கிப்போன பையனை அம்மா மடியில் வைத்திருந்தாள்.

எதிர் வரிசையில் ஒரு இளம் தகப்பன் கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி சீட்டைக் காட்ட உள்ளே போயிருந்தாள் போல. அந்தக் குழந்தை அழ ஆரம்பித்தது. முதலில் சிணுங்கல், பிறகு வீறிட்டு. பசி அழுகை. அதை எனக்கு அடையாளம் தெரிந்தது.

என் மார்பு இரண்டும் இறுகின. உள்ளே ஊசி ஊசியாகக் குத்தியது. என்ன ஏது என்று புரிவதற்குள் சுடிதாரின் முன்பக்கம் சூடாக நனைந்தது. ஈரம் வட்டமாகப் பரவி இடுப்பை நோக்கி இறங்கியது. நான் அமுக்கவில்லை, பீச்சவில்லை. யாரோ பெற்ற பிள்ளையின் அழுகைக்கு என் உடம்பு அது பாட்டுக்குக் கொட்டியது.

அந்தத் தகப்பன் பார்த்துவிட்டுக் கூச்சத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவும் பார்த்துவிட்டாள்.

"கவி, துப்பட்டாவைப் போட்டு மூடுடி. எல்லாரும் பாக்குறாங்க."

சொல்லிக்கொண்டே என் தோளிலிருந்து துப்பட்டாவை இழுத்தாள். நிமிர்ந்து பார்த்தால் கண் நிறையத் தண்ணீர். இத்தனை நாளில் அம்மா அழுது நான் பார்த்தது அப்போதுதான்.

"பாக்கட்டும்மா" என்றேன். "பையனை இங்க குடு."

அம்மா நீட்டினாள். ஈரத்தில் கன்னம் பட்டதும் அவன் கண்ணைத் திறக்காமலே வாயை அகலமாகத் திறந்தான்.